கல்லா மண்ணா

ஐந்து பத்துக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து செண்பகவல்லி முதுகைச் சாய்க்கவே இல்லை. சிமெண்ட் பெஞ்சு பகலெல்லாம் வாங்கிய வெயிலை இன்னும் விடாமல் வைத்திருந்தது, சாய்ந்தால் இடுப்புக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் சாய்கிற அந்த நேரத்தில் அங்கே என்ன ஆகுமோ யார் கண்டது. அங்கே என்பது ரொம்பத் தூரமில்லை, நாற்பது தப்படி. முதல் நாளே நடந்து எண்ணிவிட்டாள். பெஞ்சிலிருந்து தண்ணீர்த் தொட்டியின் முதல் தூண் வரை நாற்பது தப்படி, ஓடினால் இருபத்தைந்து, மிது விழுந்தால் இவள் போய்ச் சேருவதற்குள் முதல் அழுகை முடிந்து இரண்டாவது தொடங்கியிருக்கும். மிது விழவில்லை. பதினொரு நாளாக விழவில்லை. விழாமல் இருப்பதும் ஒரு பயம்தான், இன்றைக்கு என்று எடுத்து வைத்திருக்கிறதோ என்று. அதோ ஓடுகிறாள், வெள்ளை லெக்கின்ஸ், முட்டியில் செம்மண், வலது கால் கொஞ்சம் தாமதமாக வருகிறது, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், தெரியாதவர்களுக்கு இந்தப் பெண் ஓடுகிற விதமே அப்படி என்றுதான் படும். தெரியாதவர்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும். அதற்குத்தான் சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஏழு வயசுப் பெண், கையிலடித்து. நீ பெஞ்சுலயே உக்காரு, பாத்து மிது பாத்து மிதுன்னு கத்தாத, யார்கிட்டயும் என் காலைப் பத்திச் சொல்லாத, சொன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன். சரி என்று கையை நீட்டிவிட்டாள். நீட்டின கை இப்போது மடியில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தது, மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக. வாய்க்குள்ளே மட்டும் பாத்து மிது, பாத்து மிது என்று ஓடிக்கொண்டிருந்தது, அதற்குச் சத்தியம் கிடையாது.

பிறந்தபோது அந்த வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருந்தது. நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினதும் இவள் முதலில் கேட்டது, பொம்பளப் பிள்ளையா என்று அல்ல, அழுதாளா என்று அல்ல, இது எந்தப் பக்கத்துக் கால் என்றுதான். மடத்தனமான கேள்வி. எந்தப் பக்கமானால் என்ன. ஏழாம் நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு மாவுக்கட்டு, பிரித்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு, ஆறு வாரம். பிறகு குதிகால் நரம்பை ஒரு கீறல். பிறகு நாலு வயசு வரை ராத்திரியானால் இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் மாட்டித் தூங்க வைக்க வேண்டும், பிள்ளை புரண்டு படுக்க முடியாமல் அழும், இவள் புருசன் கோமதிநாயகம் எழுந்து போய் வெளியே நிற்பார், மனுசனுக்கு அதைப் பார்க்கத் தாங்காது, இவளுக்கு மட்டும் தாங்கும் என்று யார் முடிவு செய்தார்களோ. போன புரட்டாசியில் டாக்டர் பாதத்தை இரண்டு கையிலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி என்கிட்ட மருந்து இல்லம்மா என்றார். ஓட விடுங்க, டைல்ஸ்ல இல்ல, மண்ணுல. ஏறட்டும், குதிக்கட்டும், திடீர்னு திரும்பட்டும், மத்த பிள்ளைங்களோட போட்டி போட்டு ஓடணும், தனியா ஓடினா பிள்ளைங்க ஓடாதுங்க. சித்திரையில வாங்க, பாதம் மறுபடி உள்ள திரும்பலேன்னா தப்பிச்சோம். திரும்பினால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை, மேஜைமேல் கிடந்த பிளாஸ்டிக் எலும்பு மாதிரியைப் பார்த்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். மருந்துச் சீட்டில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி, விளையாட்டு, தினமும் ஒரு மணி நேரம். அதை எந்தக் கடையில் போய் நீட்டுவது.

எத்தனை இடம். மேடவாக்கம் தாண்டி இந்த நகர், அந்த நகர், விரிவு, இரண்டாவது விரிவு என்று வீடு மேல் வீடாக எழுப்பிக்கொண்டே போனார்களே, ஒருத்தனுக்காவது பிள்ளைகள் எங்கே ஓடும் என்று தோன்றியிருக்கிறதா. பெரிய அடுக்குமாடிக்குள்ளே ஒரு இடம் இருந்தது, ரப்பர் தரை, நீலமும் மஞ்சளும், மெத்தை மாதிரி. அங்கே குடியிருக்கிற தெரிந்த அம்மாவைப் பிடித்து மூன்று நாள் போனார்கள், நாலாம் நாள் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தி, கெஸ்ட் பிள்ளைங்களுக்குப் பர்மிஷன் இல்லைன்னு செக்ரட்டரி சொல்லச் சொன்னாரு என்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பூங்கா ஒன்று இருந்தது, பெயருக்குப் பூங்கா, நடைபாதையில் பெரியவர்கள் கை வீசிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார்கள், குறுக்கே ஒரு பிள்ளை ஓடினால் சர்க்கரை ஏறிவிடும் போல முறைக்கிறார்கள், புல்லில் கால் வைக்காதீர் என்று பலகை வேறு. பிறகு எதற்கு அது, பார்ப்பதற்கா. மாலில் ஒரு விளையாட்டறை, பந்து நிறைய கொட்டி வைத்திருந்தார்கள், வாசலில் நின்ற பெண் ஷூவைக் கழற்றணும் என்றாள், மிது மாட்டேன் என்றாள், வலது ஷூ உள்ளே குதிகாலுக்குக் கீழே ஒரு தக்கை இருக்கிறது, கழற்றினால் தெரிந்துவிடும். அந்தப் பெண் பாவம், புரிந்துகொண்டு குனிந்து, ஸ்பெஷல் பேபிங்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில தனி டைம் இருக்கு மேடம் என்று ரகசியமாகச் சொன்னாள். மிது காதில் விழுந்தது. வீட்டுக்கு வரும் வரை பஸ்ஸில் வலது காலை சீட்டுக்கு அடியிலேயே இழுத்து வைத்துக்கொண்டாள். ஏரிக்கரையில் பெரிய மைதானம், கிரிக்கெட் ஆடுகிற தடித்தடிப் பையன்கள், பந்து தலைக்கு மேலே விர்ரென்று போனது, கீழே பார்த்தால் பாட்டில் சில்லு. இவள் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கீழேதான் பார்ப்பாள். சறுக்கு மரம் என்ன நிறம், ஊஞ்சல் எத்தனை என்றெல்லாம் மற்ற அம்மாக்கள் பார்க்கட்டும், இவள் தரையைப் பார்ப்பாள். கடைசியில் பள்ளிக்கூட ஆட்டோக்காரர்தான் சொன்னார், டேங்க் கிரவுண்டுக்குப் போய்ப் பாருங்கம்மா, ஊஞ்சல் கீஞ்சல் ஒண்ணும் கிடையாது, மண்ணு நல்லாருக்கும். ஆட்டோக்காரருக்குத் தெரிந்தது ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் தனியாக வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு இந்த இடம் முழுக்க நடந்தாள், முனைக்கு முனை, கோடு கோடாக. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். வேண்டுதல்தான். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ஆணியும் சில்லும் பொறுக்கினாள். இரண்டாவது நாளும் வந்து பொறுக்கினாள். மூன்றாவது நாள் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பதினொரு நாளில் மிதுவுக்குக் கிடைத்தது ஐந்து பேர். பெயர் சொல்லத் தெரிந்தது மூன்று பேரைத்தான். ஜெனி, பத்து வயசு, இரட்டைப் பின்னல், இந்தக் கூட்டத்துக்கு அவள் சொல்வதுதான் சட்டம். அவளுடைய தங்கை பாப்பு, மூன்றோ நாலோ, மூக்கு ஒழுகிக்கொண்டே எல்லாருக்கும் பின்னால் ஓடுகிறது. லோகேஷ், அந்த முரட்டுப் பையன், ஓடுவதற்கு என்றே பிறந்தவன் மாதிரி இருக்கிறான், தொட்டால் முதுகில் பளீரென்று விழுகிறது. அவன் மிதுவைத் தொடுகிற ஒவ்வொரு தடவையும் செண்பகவல்லியின் முதுகிலும் விழும். மெதுவாத் தொட்டா ஆகாதா, மூதேவி. ஆட்டம் எப்போதும் ஒன்றுதான், கல்லா மண்ணா. பிடிக்கிறவனைப் பார்த்துக் கல்லா மண்ணா என்று கேட்பார்கள், அவன் மண்ணு என்றால் மண்ணெல்லாம் அவனுடையது, மண்ணில் கால் வைக்கிறவர்களைத் தொட்டு அவுட்டாக்கலாம், தொட்டியின் மேடை, உடைந்த சிமெண்ட் குழாய், இந்தப் பெஞ்சு, எதிலாவது ஏறிவிட்டால் தொடக்கூடாது, அது கல். கல்லிலேயே பத்திரமாக நின்றுகொண்டிருப்பவர்களை ஒருத்தரும் மதிப்பதில்லை. இறங்கி வந்து, அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்று, உன் மண்ணுல நான் இருக்கேன் என்று பழிப்புக் காட்ட வேண்டும். மிது இறங்குகிறாள். முதல் இரண்டு நாள் இறங்கவில்லை, மேடையில் ஒட்டிக்கொண்டு நின்றாள், இப்போது எல்லாருக்கும் முன்னால் இறங்குகிறாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்துகிறாள். அவுட்டாகிறாள், பிடிக்கிறாள், மறுபடி அவுட்டாகிறாள். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பாவிடம், இன்னிக்கு நான் நாலு வாட்டி அவுட் என்கிறாள், பரிசு வாங்கின மாதிரி. கோமதிநாயகம் சிரிக்கிறார். இத்தனை நாள் ஆர்ப்பாட்டத்துக்கு இந்த மண்ணும் ஒரு தொட்டியும்தானா, நான் அப்பவே சொன்னேன், பிள்ளைய அது பாட்டுக்கு விடு என்று. எப்போது சொன்னார், ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனாலும் சிரிக்கட்டும்.

திடுமென்று மிது இந்தப் பக்கம் ஓடி வந்தாள், பின்னாலேயே லோகேஷ், செண்பகவல்லியின் உடம்பு தானாக எழப் பார்த்தது, அதற்குள் ஒரு தாவு, பெஞ்சில் ஏறி நின்றுவிட்டாள். வலது கால் முதலில். வலது காலை ஊன்றி ஏறினாள். பார்த்தாயா, வலது கால், டாக்டர் பார்க்கவில்லையே. மிதுவின் மூச்சு இவள் காதுக்குப் பக்கத்தில் புஸ் புஸ் என்று வந்தது, மண் வாசமும் வேர்வை வாசமும், பழைய மாவுக்கட்டைப் பிரிக்கும்போது வருமே ஒரு வாசம், அது இல்லை, அது போய் ஏழு வருசம் ஆகிவிட்டது, மூக்குக்கு மட்டும் இன்னும் போகவில்லை. தண்ணி குடி என்று பாட்டிலை நீட்டினாள். ஆட்டத்துல இருக்கேன்மா என்றாள் மிது, இவளைப் பார்க்காமலே, லோகேஷைப் பார்த்துக்கொண்டு. யாரோ முன்பின் தெரியாத பொம்பளை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அதுவும் நல்லதுதான். ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறதோ என்று கை போனது, பாதியில் மடக்கிக்கொண்டாள். மிது குதித்துப் போய்விட்டாள். குதித்ததும் வலது பாதம் உள்ளே மடங்கினதோ. ஒரு இமைப்பு. மடங்கின மாதிரி இருந்தது. சாயந்தரம் ஆக ஆக அசதியில் அப்படித் திரும்பும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார், அசதிக்குத் திரும்புவது வேறு, மறுபடி திரும்புவது வேறு, எது எது என்று பெஞ்சிலிருந்து எப்படிச் சொல்வது. சித்திரைக்கு இன்னும் நாலு மாசம்.

அந்தக் கத்தரிக்கோல் வந்துவிட்டது. இப்படி எதையாவது நினைத்தால் கடைசியில் அது வந்துவிடும், பால் பாக்கெட்டும் கத்தரிக்கோலும். வயிற்றில் ஐந்து மாசம், கிரகணம் என்று மாமியார் கோவில்பட்டியிலிருந்து போன் போட்டு, எதையும் நறுக்காத, வெட்டாத, காலை நீட்டிப் படு, மடக்காத என்று பத்துத் தடவை சொல்லியிருந்தார். கறி நறுக்கவில்லை, நகம் வெட்டவில்லை. தலை வலித்தது, ஒரு வாய் காப்பி குடிக்கலாம் என்று பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு, அவ்வளவுதான், அது வெட்டு என்றுகூடத் தோன்றவில்லை. மாமியார் பிறகு ஆஸ்பத்திரியில் பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு, கிரகணத்தன்னிக்கு என்ன செஞ்ச என்று மெதுவாகத்தான் கேட்டார். ஒண்ணும் செய்யல அத்தை. டாக்டர் படம் போட்டு விளக்கினார், ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி, காரணம் யார் மேலும் இல்லை என்று. தலையை ஆட்டினாள். புத்திக்கு எல்லாம் தெரிகிறது, கத்தரிக்கோலுக்குத்தான் தெரிவதில்லை. இன்று வரை பாக்கெட்டைப் பல்லால்தான் கடித்துத் திறக்கிறாள். கோமதிநாயகத்திடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார், சிரிக்காமல் இருந்தால் அதைவிட மோசம். மிதுவுக்கு மூன்று வயசில் சாத்தூரில் ஒரு கல்யாணம், பந்தியில் அடுத்த இலைக்காரி யாரோ ஒருத்தி, இதுதான் அந்தச் சப்பாணிப் பிள்ளையா என்று பக்கத்தில் கேட்டாள், மோருக்குக் கை நீட்டிக்கொண்டே. அந்த வார்த்தையை இவள் இலையோடு சேர்த்து மடித்து எறிந்துவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தாள்.

ஐந்தரைக்குத் தண்ணீர் லாரி வந்தது. தினமும் வருவதுதான், ஆனால் தினமும் அந்தப் பக்கத்து வாசல் வழியாக வரும், இன்று இந்தப் பக்கம் வந்து, பின்னால் எடுக்கும்போது ஒரே சத்தத்தைப் போட்டுக் கத்திக்கொண்டே நகர்ந்து, சரியாக இவளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றுவிட்டது. சிவப்பாக ஒரு சுவர் மாதிரி. எழுந்து நின்றாள். டயருக்கு நடுவே கால்கள் தெரிந்தன, வெள்ளை லெக்கின்ஸ் தெரிந்தது, நகர்ந்தது, இன்னொரு கால் குறுக்கே வந்தது, தெரியவில்லை. பெஞ்சுலயே உக்காரு. சத்தியம். உட்கார்ந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, டிரைவர் இறங்கிப் போய்க் குழாயைத் திருகினார், எத்தனை நிமிஷம் ஆகும், பத்து நிமிஷமா, பத்து நிமிஷத்தில் என்னென்ன நடக்கலாம். லாரி பின்னால் எடுத்தால். டிரைவருக்குக் கண்ணாடியில் சின்னப் பிள்ளை தெரியுமா. பாப்பு உயரத்துக்குத் தெரியாது. மிது உயரத்துக்கு. என்ஜின் நின்றது. நின்றதும் அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் ஒரேயடியாக வந்து காதில் விழுந்தது, லோகேஷ் ஏதோ சண்டை பிடிக்கிறான், தொட்டுட்டேன், தொட்டுட்டேன் என்று, அதற்கு மேலே ஜெனியின் குரல், கணீரென்று, அது சப்பாணிடா, சப்பாணியத் தொட்டா கணக்குல இல்ல.

என்ன சொன்னாள். இன்னொரு தடவை சொன்னாள், சப்பாணின்னு சொல்றேன்ல. யாரோ சிரித்தார்கள். செண்பகவல்லிக்கு மோர் வாசம் வந்தது, பந்தியில் ஊற்றின மோர். பொறு. பொறு, இது வேறு சப்பாணியாக இருக்கும். இவளுடைய தெருவில் பூ விற்றவருக்குச் சப்பாணிமுத்து என்றுதான் பெயர், இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன, சைக்கிளில் பறப்பார். ஏழாம் வகுப்பில் தமிழ் டீச்சர், சப்பாணி என்றால் குழந்தை கை கொட்டுவது என்று கையைக் கொட்டியே காட்டினார், வகுப்பு மொத்தமும் கொட்டியது. விளையாட்டிலும் உண்டு, உண்டே, ஒப்புக்குச் சப்பாணி, ஆட்டம் தெரியாத பொடிசுகளை அழாமல் இருக்கச் சேர்த்துக்கொள்வது, ஓடலாம், கத்தலாம், அவுட் மட்டும் கிடையாது, தொட்டாலும் கணக்கில்லை. கணக்குல இல்ல. அதுதான் சொன்னாள் ஜெனி. அப்படியானால் இன்னும் மோசமாயிற்றே. பதினொரு நாளாக மிது இவர்களுக்கு ஒப்புக்குத்தானா, இடுப்பில் கை வைத்து மண்ணில் நின்றதெல்லாம், நாலு வாட்டி அவுட் என்று சோற்றைப் பிசைந்ததெல்லாம், இவர்கள் கண்ணால் ஒருத்தருக்கொருத்தர் காட்டிச் சிரித்துக்கொண்டு, பாவம், காலு இல்லாதது, விட்டுரு என்று. யார் சொன்னது இவர்களுக்கு. நான் சொல்லவில்லை. பார்த்துவிட்டார்களா, லெக்கின்ஸ் மேலே ஏறினபோது அந்த மெலிந்த ஆடுசதையைப் பார்த்துவிட்டார்களா. இரண்டில் எதுவானாலும் கால்தான். கல்யாணச் சப்பாணியானாலும் கால்தான், விளையாட்டுச் சப்பாணியானாலும் கால்தான். மிதுவுக்குத் தெரியுமா, தெரிந்தும் வந்து சொல்லவில்லையா, தெரிந்தும் சிரித்துக்கொண்டு ஓடுகிறாளா. நடந்துகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை, பாட்டில் எங்கோ விழுந்துவிட்டது, லாரியைச் சுற்றிக்கொண்டு போகையில் ஒரு செருப்பு சேற்றில் மாட்டி நின்றுவிட்டது, தப்படிகளை எண்ணவில்லை.

ஜெனியின் தோளைப் பிடித்துத் திருப்பின கை தன்னுடையதுதானா என்று பிறகு யோசித்தாள். அப்போது யோசிக்கவில்லை.

"யாரப் பாத்துச் சப்பாணிங்க? அவ காலு ஒனக்குக் கேலியா இருக்கா? பொறந்து ஏழாம் நாளு மாவுக்கட்டு போட்ட காலு அது. நரம்பக் கீறி நீட்டுன காலு. ஒன்ன மாதிரி நிக்கதுக்கு அவ எத்தன வருசம் அழுதிருக்கான்னு தெரியுமா ஒனக்கு?"

குரல் தொட்டியில் பட்டுத் திரும்பி வந்தது. ஆறு பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். லோகேஷ் வாயைத் திறந்தபடி இருந்தான். பிறகு ஒவ்வொருவராக, ஜெனி, லோகேஷ், பெயர் தெரியாத மற்ற இரண்டு பேர், பார்வையை இறக்கி மிதுவின் கால்களைப் பார்த்தார்கள். இடது காலைப் பார்த்தார்கள், வலது காலைப் பார்த்தார்கள், எது என்று தேடினார்கள். தேடினார்கள் என்பதைச் செண்பகவல்லி கண்ணாரக் கண்டாள். தெரிந்தவர்கள் தேட மாட்டார்கள். அது தெரிந்தும் ஜெனி பேசும் வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை. ஜெனி அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை, பரீட்சையில் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஆன்ட்டி, நான் பாப்புவைச் சொன்னேன். பாப்புதான் உப்புக்குச் சப்பாணி. சின்னப் பாப்பால்ல, அவுட்டு கிடையாது. மிதுலாம் இல்ல ஆன்ட்டி. மிது செமையா ஓடுவா. நேத்து என்னையே புடிச்சுட்டா." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கிக் கேட்டாள். "மிதுக்குக் காலு என்னாச்சு ஆன்ட்டி?"

உப்புக்கு. இந்த ஊரில் உப்புக்கு என்கிறார்கள். ஒப்புக்கு எப்போது உப்புக்கு ஆனது, உப்புக்கும் சப்பாணிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நேரத்தில் போய் மனசு அதைப் பிடித்துக்கொண்டு நின்றது, வேறு எதையும் தொட அதற்குத் தைரியமில்லை. பாப்பு, தன் பெயரைக் கேட்டதும், மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவின் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றது. ஒண்ணும் இல்ல கண்ணு, ஒண்ணும் இல்ல, ஆன்ட்டி தப்பாக் கேட்டுட்டேன் என்று ஜெனியின் தோளைத் தடவிக் கொடுத்தாள். சொன்னதைத் தடவி எடுக்க முடியுமா. மிதுவின் பக்கம் திரும்பாமல் இருக்க எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் திரும்பாமல் இருந்தாள். திரும்பினபோது மிது அழுதுகொண்டிருக்கவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். முகத்தில் ஒன்றுமே இல்லை, கம்பியில் மாட்டின ஷூவோடு அழுது ஓய்ந்து கூரையைப் பார்த்துக் கிடப்பாளே, அந்த முகம்.

"நீ போய் பெஞ்சுல உக்காருமா" என்றாள்.

போனாள். சேற்றில் நின்ற செருப்பை எடுத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள். லாரி ரொம்பிக் கிளம்பிப் போய்விட்டது, நடுவில் இப்போது ஒன்றும் இல்லை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, தெரிய வேண்டும் என்றுதானே இத்தனை நேரம் தவித்தாள். பிள்ளைகள் தொட்டி மேடையருகே கூடி நின்றார்கள். ஜெனி ஒவ்வொருத்தர் காதிலும் ஏதோ சொன்னாள், கையைக் குவித்துக்கொண்டு, லோகேஷ் தலையாட்டினான். மிதுவின் காதில் மட்டும் சொல்லவில்லை. மிது இரண்டடி தள்ளி நின்று ஷூ முனையால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள், இடது ஷூ முனையால். ஜெனி நல்ல பெண். முரடோ கெட்டதோ என்றால் ஏதாவது செய்யலாம், நல்ல பெண்ணை என்ன செய்வது. சாட் பூட் த்ரீ போட்டார்கள், லோகேஷ் மாட்டிக்கொண்டான். கல்லா மண்ணா என்று கேட்டார்கள். மண்ணு என்றான். எல்லாரும் சிதறி ஓடி ஏறிக்கொண்டார்கள், மேடையில், குழாயில். மிது ஏறவில்லை. நேராக நடுவில் போய் நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். உன் மண்ணுல நான் இருக்கேன், கத்தினாள், எப்போதும்போலத்தான், கொஞ்சம் கூடுதல் சத்தமாக. லோகேஷ் ஓடி வந்தான், அந்த ஓட்டம், முதுகில் பளீரென்று விழப்போகிற ஓட்டம், அவளுக்குப் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது, வழியில் ஒரு தூண் இருப்பதுபோலச் சுற்றிக்கொண்டு போய்க் குழாய்ப் பக்கம் இறங்கின வேறு பிள்ளையை விரட்டினான். கவனிக்கவில்லை, அவன் கவனிக்கவில்லை, அவ்வளவுதான் என்று செண்பகவல்லி சொல்லிக்கொண்டாள். மிது இன்னும் இரண்டடி அவன் பக்கம் நகர்ந்து நின்றாள். உன் மண்ணுல நான் இருக்கேன். அவன் திரும்பினான், அவளைப் பார்த்தான், மேடையில் நின்ற ஜெனியைப் பார்த்தான், மறுபடி அந்தப் பக்கம் ஓடினான். பாப்பு குடுகுடுவென்று வந்து மிதுவின் பக்கத்தில் நின்றுகொண்டு, அதுவும் இடுப்பில் கை வைத்து, உன் மண்ணு என்றது. இரண்டு பேரும் மண்ணில் நின்றார்கள், சின்னதும் பெரிதுமாக.

இடிக்காமல், தள்ளாமல், யார் கையும் அவள் மேல் படாமல் பார்த்துக்கொள் என்று இவள் எத்தனை சாமிக்கு முடிந்து வைத்திருக்கிறாள், செண்பகவல்லி அம்மனுக்கே ஒரு முடிச்சு, பெயரைக் கொடுத்தவளாயிற்றே என்று. எல்லாம் பலித்துவிட்டது. பெஞ்சு ஆறிப்போயிருந்தது. தொடு என்றாள் வாய்க்குள்ளே. தொடுடா தம்பி. அடிச்சுத் தொடு, விழுந்தா விழட்டும், நான் வர மாட்டேன், இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், முட்டி பேந்தாலும் வர மாட்டேன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பளீரென்று வை. கையில் பிடித்திருந்த செருப்பிலிருந்து சேறு மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. லோகேஷ் குழாயைச் சுற்றிவிட்டு இந்தப் பக்கமாகத் திரும்பி வந்தான். மிது நகர்ந்து அவன் வழியிலேயே போய் நின்றாள், உன் மண்ணுல, என்றாள், பாதியோடு நிறுத்திக்கொண்டாள், ஓடவில்லை, முதுகைக்கூடக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாள். அவன் கை உயர்ந்தது. உயர்ந்த கையை அவன் அப்படியே இறக்கி, அவள் முழங்கையை லேசாகப் பிடித்து, ஒரு ஓரமாக நகர்த்தி விட்டான்.

"பாத்து, மிது" என்றான், ரொம்ப அன்பாக, ஓடிப்போனான்.